சத்தம் கேக்குது, சொல்லுத்தான் கேக்கல்ல

என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் வேலை செய்தவர். மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்று பழகியவர், மில்லை விட்டு வரும்போது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆனால் காது கேட்கவில்லை என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். "சத்தமெல்லாம் கேக்குது புள்ள. சொல்லுத்தான் கேக்கல்ல" என்பார். அது வெறும் சாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் கிளினிக்கில் டொக்டரும் அவர் சொன்னதையே சொன்னார். பாரமான சத்தம் போய்ச் சேருமாம். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய சத்தம் சேராதாம். காதுக்கு வைக்க ஒரு மெஷினும் தந்தார்கள். வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது என்று மறுநாளே கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

சொல் கேட்காத கோபத்தில் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்ட நாடகத்தின் பின்னணி இசைதான் பெருகியதே தவிர, பேச்சு அதற்குள் அமிழ்ந்து போனது. பெரியகல்லாற்றில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் நெருக்கம். நாடகத்தில் மாமியார் ஏசினால் ஒழுங்கை முழுவதற்கும் ஏச்சு விழும். ஒருநாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அக்கா, இண்டைக்கு எங்கட டிவியப் போடவே இல்ல. உங்கட வீட்டுலயே கதையக் கேட்டு முடிச்சிட்டம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எந்தச் சொல்லும் விளங்காத மனிதருக்கு அந்தச் சிரிப்பு மட்டும் விளங்கிவிட்டது.

அடுத்த நாளிலிருந்து அவர் டிவிக்கு முன்னால் வரவில்லை. பின்வளவு வேப்பமரத்தின் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். எதைக் கேட்டாலும் "ஓம்" என்றார். சோறு போடவா என்றாலும் ஓம். மீனைக் குழம்பு வைக்கவா, பொரிக்கவா என்றாலும் ஓம். உப்புக் கூடினால்கூட என்னோடு வாதாடிய மனிதர் அவர். அந்த "ஓம்" எனக்குப் பொறுக்கவில்லை. இவரை மறுபடி ஹோலுக்குள் கொண்டுவந்து, என் பக்கத்தில் இருத்தி, கதை கேட்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நான் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான் என்பது ஊரறிந்த விஷயம்.

கல்முனைக்குப் பஸ் ஏறி ஒரு டிவிக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு நீட்டுப் பெட்டியையும் இரண்டு சின்னப் பெட்டிகளையும் எடுத்து வைத்தார். "இது சும்மா ஸ்பீக்கர் இல்லக்கா. நீங்க இரிக்கிற இடத்தையும் வீட்டுச் சுவரையும் தானாப் பாத்து, அதுக்கேத்த மாதிரி சத்தத்த மாத்தும். இசையப் பின்னுக்குத் தள்ளி, பேச்ச முன்னுக்குக் கொண்டு வரும்" என்றார். நான் தேடி வந்தது அதைத்தான்.

பெட்டிகள் வந்து இறங்கியதைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தங்கச்சி, "செவிடன் காதுல சங்கு ஊதப் போறீங்களாக்கா?" என்றாள்.

"சங்கு ஊதினாச் சத்தம்தான் கேக்கும். அவருக்குச் சொல்லுத்தான் கேக்கணும்" என்று சூடாகவே சொன்னேன்.

நீட்டுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தேன். சின்னதில் ஒன்றைப் பின்னால் அலுமாரிக்கு மேலும் மற்றதை இடப்பக்க ஜன்னல் விளிம்பிலும் வைத்தேன். இனி அவை வீட்டை அளக்க வேண்டும். வழக்கமாக இருக்கும் இடத்தில், காதின் உயரத்தில் பிடிக்கும்படி, பெட்டிகளோடு இணைத்த என் போன் சொன்னது. பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓசை எழுப்பும். அது எந்தச் சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று போன் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அதுவரைக்கும் வீட்டில் வேறு சத்தம் கூடாது.

அவரை வேப்பமரத்தடியிலிருந்து இழுத்து வராத குறையாகக் கூட்டிவந்து அவருடைய கதிரையில் இருத்தினேன். முதல் தடவை கச்சான் காற்று குசினிக் கதவை அறைந்து சாத்தியது. அடுத்த தடவை பாண் விற்கும் ஆட்டோ பாட்டோடு வந்து வாசலிலேயே நின்றது. பிறகு, சடங்குக்காக அம்மன் கோயிலில் கட்டியிருந்த லவுட்ஸ்பீக்கர் தொடங்கியது. அம்மனோடு சண்டை பிடிக்க முடியாது, அன்றைக்கு விட்டுவிட்டேன்.

மறுநாள் கதவுகளைக் கயிற்றால் கட்டினேன். பாண்காரர் போகும்வரை காத்திருந்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் கெஞ்சித் துருவலையை நிறுத்தினேன். கோயிலும் ஓய்ந்திருந்தது. போனை அவர் காதருகே பிடித்துத் தொடங்கினேன். பெட்டிகள் ஓசை எழுப்பின.

"தொடங்கிட்டா புள்ள?" என்றார் அவர், மில் மோட்டாரை வென்ற அந்தக் குரலில்.

சத்தம் அதிகம், மீண்டும் முயலவும் என்றது போன். மீண்டும் தொடங்கினேன். "இன்னும் தொடங்கல்லயா?" என்றார். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. ஏச வாயைத் திறந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டிருந்தார். அந்த மெல்லிய ஓசை ஒன்றுகூட அவருக்குக் கேட்கவில்லை. பிறகு தொடங்கியதும் முடிந்ததும் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேரே குனிந்து, "இஞ்சேருங்க, நான் உங்கட கையப் பிடிச்சிரிக்கிற மட்டும் வாய் திறக்கப்படாது. விட்டாப் பொறகு கதைக்கலாம்" என்றேன்.

"மறுகா?"

"மறுகா நாடகம் பாப்பம்."

ஒரு கையில் போன், மறு கையில் அவருடைய கை. ஓசை முன்னால் கேட்டது, இடப்பக்கம் கேட்டது, பின்னால் அலுமாரிக்கு மேலிருந்து கேட்டது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தார். என் கை வேர்த்தது, விடவில்லை. ஒருவழியாக முடிந்தது என்று போன் சொன்னது.

அன்று பின்னேரம் நாடகத்தைப் போட்டேன். முன்பு வைக்கும் சத்தத்தில் பாதிகூட வைக்கவில்லை. மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் தாயோடு போனில் கதைக்கும் இடம். இசை எழும்பியது. வழக்கமாக அந்த இடத்தில் பேச்சு அமிழ்ந்துவிடும். இப்போது இசை சின்னப் பெட்டிகளுக்கு ஒதுங்கிப்போக, பேச்சு எங்களுக்கு நேரே வந்தது. அவர் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார்.

எனக்குப் பொறுமை இல்லை. அவருடைய காதுக்குள்ளேயே, "கேக்குதா? அவள் என்ன சொல்லுறாள் எண்டு விளங்குதா?" என்று கத்தினேன்.

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"சத்தம் போடாத புள்ள. அவள் என்னவோ ரகசியம் சொல்லுறாள். எனக்குக் கேக்கட்டும்."

என்னை வாயை மூடச் சொன்ன எவரையும் நான் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.