டாக்டர் சொல்லுவாரு

"ஊக்கு, சாவி, வளையல் எல்லாத்தையும் இந்தத் தட்டுல போடுங்கம்மா. உள்ள ஒளிச்சு வெச்சாலும் படத்துல வந்துரும். என்கிட்ட நடக்காது."

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எலும்பின் அடர்த்தியைப் படம் எடுப்பவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, குச்சி உடம்பு, வெண்கலக் குரல். மேசையில் படுத்த பிறகும் விடமாட்டார்: "வயித்த எக்காதீங்க. இங்க யாரும் அழகு பாக்கல."

எடையை மட்டும் உரக்கச் சொல்லமாட்டார். எடைக்கருவியின் எண்ணை உள்ளங்கையால் மறைத்து, தான் மட்டும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். வரிசையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரின் மானமும் அந்தக் கையில் இருக்கிறது. இதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

முடிவையும் சொல்லமாட்டார். அது டாக்டரின் வேலை என்பது அங்கே விதி. என்னைப் போல எத்தனையோ பேர் அவர் முகத்தைத் துருவிப் பார்த்துத் தோற்றிருக்கிறோம். சரியான அழுத்தக்காரர்.

போன வாரம் எனக்கு முன்னால் வந்தவர் அவருடைய சொந்த அக்கா. அறுபத்தாறு வயது. கைகால்கள் மெலிந்து, பாரமெல்லாம் வயிற்றில் சேர்ந்திருந்தது. படியில் சறுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்து, அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். எலும்பு பலவீனமாகியிருந்தால் குனிந்தாலே முதுகெலும்பு நொறுங்கலாம், அடுத்த தடவை விழுந்தால் இடுப்பு போய்விடுமே என்ற பயத்தில் தங்கைதான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார்.

"இவ்ளோ பெரிய உடம்புக்கு எலும்பு என்னடி ஆகப் போகுது? ஒல்லிக்குச்சி, நீதான் பயப்படணும்."

"உள்வயித்துல சேர்ற கொழுப்பு எலும்புக்கு முட்டுக் குடுக்காதுக்கா. கெடுதல்தான் பண்ணும். பேசாமப் படு."

நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இயந்திரம் முனகிக்கொண்டே போய் வந்தது. பத்து நிமிடத்தில் இருவரும் வெளியே வந்தார்கள்.

"என்னடி வந்திருக்கு? கூடப் பொறந்தவகிட்டயுமா மறைப்ப?"

"டாக்டர் சொல்லுவாரு."

அதே வெண்கலக் குரல். முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குக் கோபமே வந்தது. சொந்த அக்காவிடமுமா இந்த விதி!

அக்கா முணுமுணுத்தபடி பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பு வாரை மாட்டக் குனிந்தார்.

"குனியாத!"

தங்கை பாய்ந்து வந்து அவர் தோள்களைப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து, அக்காவின் பாதத்தை மடியில் வைத்து வாரை மாட்டினார். அக்கா தங்கையின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

தங்கை அடுத்த பாதத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.