கல்கூடைக்குப் பூச்சு எதற்கு

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனாலும் பேச்சிப்பாறைப் பக்கம் எந்தச் சரிவு இடிந்தாலும், இன்ஜினியருக்கு முன்னால் இந்தக் கிருஷ்ணமணிக்குத்தான் போன் வரும். கம்பிவலையைக் கூடையாக மடக்கி, கருங்கல்லைக் கையால் அடுக்கி, வாயைக் கம்பியால் தைத்துவிட்டால் அது சுவர். பத்தொன்பது வயதில் லடாக்குக்கு ரோட்டு வேலைக்குப் போய்க் கற்றது. அங்கே பட்டாளத்துக்காரர்கள் குண்டு தாங்குவதற்காக அதைப் பங்கருக்கு முன்னால் வைத்தார்கள். நாங்கள் ரோடு சரியாமலிருக்க வைத்தோம். அங்கே ‘வயர் கிரேட்’ என்றார்கள், இங்கே இன்ஜினியர்கள் ‘கேபியன்’ என்கிறார்கள். ஆற்றங்கரைக்கும் அதே கூடைதான், அலை தடுக்கவும் அதே கூடைதான். பேர் எதுவானாலும் என் தையல் ஒன்றுகூடப் பிரிந்ததில்லை.

எங்கள் ஊர்ப் பையன் பெனின் துபாயிலிருந்து வந்து கட்டிய வீட்டுக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டச் சரிவு. அது சரியாமலிருக்க ஒன்பதடி உயரத்துக்குக் கல்கூடைச் சுவர் கட்டிக் கொடுத்தேன். பிறகு அவன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் கல்யாண வீடென்றால் கிணற்றுச் சுவர் வரைக்கும் பெயின்ட் அடித்தாக வேண்டும்.

“மாமா, இது பாக்க கோழிக்கூடு மாதிரி இருக்கு. மாப்பிள வீட்டுக்காரவிய வருவினும். சிமென்ட் பூசட்டா?”

பூசினால் மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், “மாமா கெட்டுன சொவருல்லா, ஆன முட்டினாலும் அசையாது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். தலையாட்டிவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பெனினின் மனைவி ரெஜிஷா போனில் அழுதாள்: “மாமா, சொவரு வயிறு தள்ளி நிக்கு. பின்னறையில இவருக்க அம்மை கெடக்காவ, அவியளுக்கு நடக்கவும் ஒக்காது.”

“அழாத ஏட்டி. கட்டிலோட தூக்கி முன்னறைக்கு மாத்து. நான் இன்னா வந்திட்டேன்.”

போய்ச் சுவரின் ஓரமாக நின்று பாரைக்கோலால் பூச்சைக் குத்தினேன். நாலாவது குத்தில் செவ்வெள்ளம் பீறிட்டு என் வேட்டியை நனைத்தது. பெனினும் அடுத்த கோலை எடுத்தான். பூச்சு முழுவதும் உதிர்ந்ததும் கல்லிடுக்கெல்லாம் தண்ணீர் வழிந்தது. அதற்கு மேல் சுவர் தள்ளவில்லை.

“மாமா, அந்த வயிறு உள்ள போவாதா?”

“போவாது மக்கா. நீ துபாயிலேருந்து கொண்டுவந்தியே ஒண்ணு, அது போச்சா?”

அழுதுகொண்டிருந்த ரெஜிஷா சிரித்துவிட்டாள்.

இப்போது யாராவது பூசட்டுமா என்று கேட்டால் அந்த வீட்டுப் பின்புறத்துக்குக் கூட்டிப்போகிறேன். வயிறு அப்படியேதான் இருக்கிறது. தையலை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.