சட்டை கழற்றக் கூடாத கோயில்

வத்திக்கானுக்குப் போக நினைக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்போது எனக்குத்தான் போன் கோல் எடுக்கிறார்கள். லண்டனில், கிங்ஸ்பரியில் ஒரு பல் வைத்தியரிடம் ரிசெப்ஷனில் இருக்கிறவள் நான். பாப்பரசருடைய ஒபிசில் இல்லை. ஆனாலும் போன மாதம் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், "நீங்கள்தானே அந்த வத்திக்கான் அக்கா?" என்று தொடங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சம்பல் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் கதைத்தேன்.

சொல்வதற்கு விஷயமா இல்லை! உலகத்திலேயே ஆகச் சின்ன நாடு அது. நாங்கள் பின்னேரம் நடக்கப் போகிற, என் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பார்க் அதைவிடப் பெரிது. ரோமில் ஒரு றோட்டைக் கடந்தால் நாடு மாறிவிடும், பாஸ்போட்டை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், வெட்கக்கேடு. நான் நின்றேன். மியூசியத்துக்கு வீட்டிலிருந்தே டிக்கெட் போட்டுவிடுங்கள். பெரிய பை வேண்டாம். புதுச் சப்பாத்துப் போடவே போடாதீர்கள். வெறும் போத்தல் ஒன்று கொண்டுபோனால் தண்ணீர் அங்கேயே பிடிக்கலாம். பெரிய தேவாலயத்துக்குக் காலை ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். பத்து மணிக்குப் போனால் தேர்த் திருவிழாச் சனம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "உங்கட மனுசன்ர சட்டையில ஒரு கண் வைச்சிருங்கோ" என்பேன். பிறகு காரணத்தைச் சொல்லாமல் என்னைப் போனை வைக்க விடமாட்டார்கள்.

காரணம் என் அத்தான். அக்காவின் கணவர்.

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது என்று எனக்கு நானே கொடுத்த பரிசு அந்தப் பயணம். என் மனுசனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் சைவம்தான், ஆனால் ஊரில் மடுத் தேவாலயத்து மாதாவிடம் போகாத சைவச் சனம் எத்தனை பேர்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற அக்காவுக்குக் கோல் எடுத்து, வத்திக்கானுக்குப் போகிறவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு "ம், ம்" என்றாள். என் சந்தோஷப் புளுகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குப் பழக்கம்.

"கையில்லாத சட்டை போடக் கூடாதாம். கட்டைக் காற்சட்டை கூடாதாம். ஆம்பிளையளுக்கும் அதுதானாம்."

கத்திச் சத்தம் நின்றது. "ஆம்பிளையள் சட்டை கழட்டக் கூடாதோ?"

"கழட்டுறதோ? அக்கா, தோள் தெரிஞ்சாலே உள்ள விடமாட்டினம்!"

"வடிவாப் பாத்துச் சொல்லு."

"பாத்துத்தான் சொல்லுறன்."

"அப்ப நாங்களும் வாறம். எங்கள் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடு."

போனை வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

அத்தானுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னர் இருதய ஒப்பரேஷன் நடந்தது. நெஞ்சைத் திறந்து செய்தார்கள். ஆள் தப்பிவிட்டார், தழும்பு மட்டும் கழுத்துக்குக் கீழிருந்து வயிறு தொடங்குகிற இடம் வரைக்கும் நேராக இறங்கியது. லண்டனில் நாங்கள் போகிற முருகன் கோயிலில், ஊரைப் போலவே, ஆண்கள் வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தான் அப்படித்தான் போனார். ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் தடவை போனபோது, ஆரோ ஒரு பெண்ணின் தோளில் கிடந்த கைக்குழந்தை அவருடைய நெஞ்சைப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதது. அதுக்குப் பசியாக இருந்திருக்கும், பல் முளைத்திருக்கும், ஆர் கண்டது? அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் உள்ளே போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவார், "பாக்கிங் பிரச்சினை, நான் காரில நிக்கிறன்" என்பார். சட்டையோடு வந்தாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று அக்கா கெஞ்சினாள். "சட்டையோட சாமிக்கு முன்னால நிக்கேலாது" என்றார். சால்வையால் மூடச் சொன்னாள். அது வழுக்கும் என்றார். பிடிவாதத்தில் அத்தானை மிஞ்ச ஆளில்லை. அக்கா தனியே நின்று, ஐயர் கேட்கும்போது அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு வருவாள். "ஆளை வாசலில விட்டுட்டு ஆளின்ர பேருக்கு அர்ச்சனை செய்யிறன். உது என்ன கோதாரி!" என்று ஒரு நாள் என்னிடம் சொல்லி அழுதாள். ஒரு சந்நிதியில் அவரோடு பக்கத்தில் நிற்க வேண்டும், அது எந்தச் சாமியாக இருந்தாலும் சரி என்பதுதான் அவளுடைய ஆசை. சட்டை கழற்றக் கூடாத கோயில் ஒன்றை நான் எனக்கே தெரியாமல் அவளுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன்.

அத்தான் மறுப்புச் சொல்லாமல் வந்தார். புதுச் சட்டை, வான நீலம், முழுக்கை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டு. கேட்விக்கில் விமானம் ஏறும்போதே வேர்த்தது. நான் எழுதிய விதிகளை ஆளுக்கொரு தாளாகக் கொடுத்து, மனப்பாடமா என்று கேள்வி கேட்டேன். "உமக்கு அங்கையே ஒரு வேலை எடுத்துத் தரலாம், பிள்ளை. அங்க வாசலில நிக்கிற கோடு போட்ட உடுப்புக் காவல்காரருக்கு மேல ஒரு ஆள் தேவையாம்" என்றார் அத்தான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சீற்றுக்காரர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். அக்கா இடியப்பம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு நாட்டுக்கு மேலே பறந்துகொண்டு இன்னொரு நாட்டுக்குப் போகும் வழியில் இடியப்பம் சாப்பிடுவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது, ஏனென்று தெரியாது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் சதுக்கத்தில் நின்றோம். சாமான்களைச் சோதிக்கிற இடத்தில் அக்காவின் கைப்பையிலிருந்து வெள்ளைத் தூள் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. அக்காவோ பொட்டலத்தை வாங்கி, விபூதியை எடுத்துத் தன் நெற்றியில் மூன்று கோடாக இழுத்துக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டு போகச் சொன்னார். நான் எழுதிய விதிகளில் விபூதி இல்லை, இப்போது சேர்த்திருக்கிறேன்.

படி ஏறினோம். அக்காவின் சேலைக்கு மேல் போட்டிருந்த கார்டிகன் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. "அக்கா, தோள்! அக்கா, தோள்!" என்று அதையே நான் இழுத்து இழுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மேலே மணி அடித்தது. உள்ளே காலைப் பூசை நடந்துகொண்டிருக்க வேண்டும், திறந்திருந்த பெரிய கதவால் சாம்பிராணி வாசம் வந்தது. மணியும் சாம்பிராணியும் ஒன்றாக வந்தால் எங்கள் ஆளுக்கு வேறென்ன ஞாபகம் வரும்?

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தானுடைய சப்பாத்து இரண்டும் தூணோரம் சோடியாக இருந்தன. புது நீலச் சட்டை மடிந்து அவற்றின் மேல் கிடந்தது. அத்தான் வெறும் மேலோடு, கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ கடவுளே!" என்றேன்.

வாசலில் காவலுக்கு நின்ற வயதான மனுசர் ஒருவர் ஓடிவந்தார். சட்டைக்காகத் திட்டத்தான் வந்திருப்பார். ஆனால் கிட்ட வந்ததும் தழும்பைக் கண்டார், வேர்த்த முகத்தைக் கண்டார், மூடிய கண்ணைக் கண்டார். அவ்வளவுதான். தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஆரையோ கூப்பிட்டுக் கத்தினார். எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி பறந்து வந்தது. கண்ணைத் திறந்த அத்தான் என்ன ஏதென்று கேட்காமல் அதில் இருந்துவிட்டார்.

"அத்தான், ஏன் ஏறினீங்கள்? எழும்புங்கோ!"

"மரியாதையா இருத்துகினம், மறுக்கலாமே?"

நாற்காலி முன்னால் ஓட, ஒரு கையில் சப்பாத்தும் மறு கையில் சட்டையுமாக நான் பின்னால் ஓட, எனக்குப் பின்னால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா ஓடினாள்.

முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள், எங்கள் வயதுக்காரி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. பிரஷர் பார்த்தாள். லண்டன் டொக்டரிடம் வராத அளவுக்கு நல்லாக இருந்தது. நான் ஆங்கிலமும் கையும் காலுமாக, எங்கள் கோயிலில் இதுதான் மரியாதை, மனுசனுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, பழக்கதோஷம் என்று விளங்கப்படுத்தினேன். விளங்கியதும் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். எங்களுக்கும் அடக்க முடியவில்லை. சக்கர நாற்காலி தள்ளியவரும் சிரித்தார்.

சிரித்து முடிந்ததும் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தானுடைய நெஞ்சைக் கிட்டப் பார்த்தாள். அத்தானின் கை தானாகவே மேலே போய்த் தழும்பை மறைத்தது. அவள் அந்தக் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தாள்.

"எங்கே செய்தது?"

"லண்டனில்" என்றேன்.

"வடிவான தையல்" என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "என் அம்மா தையற்காரி. நல்ல தையலைக் கண்டால் எனக்குத் தெரியும்." அதோடு விடாமல், பக்கத்து அறையிலிருந்த இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

அக்கா என் கையைச் சுரண்டினாள். "என்னடி சொல்லுறா?"

"தையல் வடிவாம்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவருடைய நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. சட்டையைப் போடச் சொல்லி நான்தான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அதே நாற்காலியில், வரிசையெல்லாம் தாண்டி, எங்களைத் தேவாலயத்துக்குள்ளே கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே போக இது ஒரு வழி என்று ஒருவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். உள்ளே அண்ணாந்து பார்த்தால் கழுத்து முறியும், அவ்வளவு உயரம். மாதா மகனை மடியில் கிடத்தி வைத்திருக்கிற சிலைக்கு முன்னால் அத்தான் எழும்பி நின்றார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. அக்கா அவரோடு ஒட்டி நின்று, மாதாவுக்கு அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் வாய்விட்டுச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, நன்றாக அழுதேன். பிறகு அந்த நாட்டு முத்திரை ஒட்டி என் மனுசனுக்குப் போஸ்ட்காட் போட்டேன்: "அத்தான் சட்டையைக் கழட்டிப்போட்டார்." அதைப் படம் பிடித்துப் போனிலும் அனுப்பியதும் அவர் கோல் எடுத்து, எனக்கு வெயில் பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

லண்டனுக்குத் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். அத்தான் காரை நிற்பாட்டினார். அக்கா வழக்கம்போல இறங்கினாள். வாங்கோ என்று கேட்கவில்லை. அவளுக்குப் பயம், எனக்கும்தான். நாங்கள் இரண்டு பேரும் செருப்புக் கழற்றுகிற இடத்துக்கு வந்தபோது பின்னால் கார்க் கதவு அடிபட்டது. அத்தான் வந்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், சட்டையை அக்காவின் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற தெரிந்த மனுசர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, பெரிய வெட்டு" என்றார்.

"வெட்டை விடும், தையலைப் பாரும்" என்றார் அத்தான். "வத்திக்கானிலயே சொன்னவை."

உள்ளே சந்நிதியில் ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, ஆருடைய பெயருக்கு என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா நீலச் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவள் சொல்ல முன்னமே, பெயரையும் நட்சத்திரத்தையும் அத்தான் தானே சொன்னார்.