தலை கிள்ளிய நாக்கு மீன்

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரி பஸ் திருச்செங்கோட்டுச் சந்தையோரம் நிற்கிறது. பின்னாலிருக்கும் கரி அடுப்பைக் கிளறி முடிக்காமல் நகராதாம். மசக்கையில் எதுவும் வயிற்றில் தங்காத என் மகள் கருவாடு கேட்டிருக்கிறாள். கருவாடு விற்கிற அம்மாள் காய்ந்த நாக்கு மீனை நீட்டுகிறாள். தட்டையான மீன், இரண்டு கண்ணும் ஒரே பக்கம். மகள் இதைப் பார்த்தால் வயிற்றுப் பிள்ளையும் இப்படிப் பிறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

"மாசமா இருக்கிற புள்ளைக்குங்க அம்மிணி. ஊனமான மீனாட்டம் இருக்குதுங்களே?"

"பொறப்பே அப்பிடித்தானுங்க சாமி. கடலடியில மண்ணோட படுத்துக் கெடக்கும். கண்ணு ரெண்டும் மேல இருந்தாத்தான பாக்க முடியும்? முள்ளு கம்மி, வவுத்துக்கும் சொகம்."

நான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாய்த் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஓலையில் கட்டித் தருகிறாள். "நானும் மூணு பெத்தவதானுங்க. இனி அந்தக் கண்ணு உங்க புள்ள பார்வையில படாது."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், ஒரு தலை தப்பியிருக்குமோ என்று பொட்டலத்தைப் பிரிக்கிறேன்.