உலகத்தில் ஒரே ஒரு தர்ப்பாரண்யம்

பிரான்சில் இந்த ஊரில் என் பெயரைச் சொல்வதே ஒரு வேலை. மருந்துக் கடையில், தபால் அலுவலகத்தில், பல் வைத்தியரிடத்தில், எங்கே போனாலும் "எப்படி எழுதுவது?" என்றுதான் கேட்பார்கள். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர்கள் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் "மொஸ்யோ தர்பரன்" என்று பாதியில் இறங்கிக்கொள்வார்கள். போன வருஷம் மருந்துக் கடைப் பெண் ஒருத்தி முழுப் பெயரையும் பிழையில்லாமல் எழுதி முடித்துவிட்டு, "உலகத்திலேயே இந்தப் பெயர் உங்கள் ஒருவருக்குத்தான் இருக்கும், மொஸ்யோ" என்றாள். மெர்சி சொல்லிவிட்டு வெளியே வந்து தனியாகச் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று திருநள்ளாற்றுப் பக்கத்து எங்கள் சுரக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருநள்ளாற்றுக்கு ஊர் உலகமெல்லாம் சனீஸ்வர பகவானைத் தேடி வருகிறது. ஆனால் மூலஸ்தானத்தில் இருப்பவர் சிவன். தர்ப்பைக் காட்டில் இருந்தவர் என்பதால் தர்ப்பாரண்யேஸ்வரர். அவர் பெயர்தான் எங்கள் தாத்தாவுக்கு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம். தாத்தாவுக்கு மகன்கள் நான்கு பேர். நால்வரும் தங்கள் தலைமகனுக்கு அப்பா பெயரையே வைத்தார்கள். ஆக, ஒரே கொல்லையைச் சுற்றி நான்கு தர்ப்பாரண்யம். "தர்ப்பை, சாப்பிட வாடா" என்று யார் கூப்பிட்டாலும் நான்கு பேரும் ஓடுவோம். யாருக்கும் நஷ்டம் இல்லை, சோறு ஒன்றுதானே.

அந்த நால்வரில் பெரியப்பா மகன் என்னைவிட நாலு மாதம் மூத்தவர், எனக்கு அண்ணன். ஒரே வகுப்பில் படித்தோம். பத்தாவது ரிசல்ட் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் சைக்கிளில் "தர்ப்பாரண்யம் பாஸு!" என்று கத்திக்கொண்டே போனார். அம்மா டப்பாவிலிருந்த சர்க்கரையை எடுத்துத் தெரு முழுக்கக் கொடுத்து முடித்துவிட்டார்கள். சாயங்காலம்தான் தெரிந்தது, பாஸ் ஆனது அண்ணன். நான் கணக்கில் போய்விட்டேன். அழுதுகொண்டு நின்ற என்னிடம் அம்மா, "குடுத்த சக்கரையத் திரும்பவா கேக்க முடியும்? நம்ம வீட்டுப் புள்ளதானடா பாஸாயிருக்கு, போய் மூஞ்சியக் கழுவு" என்றார்கள். அண்ணன் மேலே படித்துக் கால்நடை மருத்துவர் ஆனார். நான் கல்யாண மண்டபங்களில் சமையல் கற்றுக்கொண்டேன். பிறகு, பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்து, அந்த வழியில் இந்த நாட்டுக்கு வந்தேன்.

பாரீஸ் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். பல வருஷமாக ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. சாயங்கால வேலை, சனிக்கிழமையும் உண்டு. வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் நான் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. சனிக்கிழமை எள் தீபம்கூட மனைவிதான் ஏற்றுவாள். பிள்ளைகளுக்கு நான் காலையில் தூங்கிக்கொண்டிருக்கும் ஆள். அதனால் எங்கள் ஊர் மேரியில் (காரைக்காலில் நகராட்சிக்கு நம் பெரியவர்கள் சொன்ன அதே மேரிதான்) பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், சாமியைக் கும்பிட்டு மனுப் போட்டேன். பகல் வேலை. சனி, ஞாயிறு லீவு.

நேர்காணலில் ஒரு மதாம். நல்ல முகம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டாள். வேகமான பிரெஞ்சில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான். நான் சைவமா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"வுய் மதாம்!" என்றேன் சந்தோஷமாக. "பிறந்ததிலிருந்தே."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "பிறந்ததிலிருந்தேயா?"

"என் அப்பாவும்தான். என் மனைவியும். ரெண்டு பிள்ளைகளும்கூட."

அவள் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பிறகு நிறைய எழுதினாள். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலு நாளில் கடிதம் வந்தது. என் மனைவி மங்கை காரைக்காலில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவள். வாசித்தாள், நிறுத்தினாள், மறுபடி வாசித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, அந்தம்மா உங்கள வெத்தெரினேரான்னு கேட்டிருக்கு. மாட்டு டாக்டரான்னு! உங்க காதுல விழுந்தது வெஜெத்தாரியான், சைவம். பொறந்ததுலேருந்தே மாட்டு டாக்டருன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. கூடவே என்னையும் புள்ளைங்களையும் டாக்டராக்கிட்டீங்க."

கடிதத்தின் அடுத்த பாதி சிரிப்பாக இல்லை. மனுவில் படிப்பு எதுவும் இல்லை என்று எழுதியவர் ஏன் பட்டத்தை மறைத்தார், திங்கட்கிழமைக்குள் பட்டத்தோடு நேரில் வந்து விளக்காவிட்டால் மனு தள்ளுபடி என்றிருந்தது. அந்த மதாம் என் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறாள். இவ்வளவு நீளமான பெயர் உலகத்தில் இரண்டு பேருக்கா இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

நாங்களும் தேடிப் பார்த்தோம். முதலில் அண்ணன், கறவை மாட்டுப் பக்கத்தில் நிற்கும் படத்தோடு. அடுத்து காரைக்கால் கோர்ட்டில் வக்கீலாக ஒரு தர்ப்பாரண்யம். மின்துறையில் ஓய்வு பெற்ற ஒரு தர்ப்பாரண்யம். கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியலில் இன்னும் இருவர். அவரவர் பெயருக்குப் பின்னால் அவரவர் உத்தியோகம். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

"பேசாம டாக்டராவே இருந்துடுங்களேன்" என்றாள் மங்கை.

"ஒரு தடவ இருந்து பாத்தாச்சு" என்றேன். அம்மா கொடுத்த சர்க்கரை ஞாபகம் வந்தது. இந்த முறையாவது பாஸோ பெயிலோ என்னுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. "டேய், நீயாச்சும் பரவால்ல. இங்க ஒருத்தரு வந்து, 'பிரான்சுல இருக்கீங்களாமே, பையனுக்கு ஒரு விசா சொல்லுங்க'ன்னு ரெண்டு மணி நேரம் நவுரல. நா மாட்டு டாக்டருங்கன்னா, 'பரவால்லீங்க, அங்கயும் மாடு இருக்கும்ல'ங்கறாரு" என்றார்.

"அண்ணே, ஒரு கடுதாசி எழுதித் தாங்க. மாட்டு டாக்டரு நான்தான், அவன் வேற ஆளுன்னு."

"எழுதிக் கையெழுத்தும் போட்டுடலாம். என்னன்னு போடுவேன்? தர்ப்பாரண்யம்னுதான். அவ நம்புவாளா?"

அதுவும் சரிதான். திங்கட்கிழமை மதாம் முன்னால் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

மங்கையும் கூட வந்தாள். மதாம் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை. திரையில் இருந்த அண்ணன் படத்தைக் காட்டி, "மீசையை எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டாள். எங்கள் இருவருக்கும் தாத்தா மூக்கு, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டுப் போனை நீட்டினேன்.

அண்ணன் ஒரு மாட்டுக் கொட்டகையில் இருந்தார். தோள் வரைக்கும் பிளாஸ்டிக் கையுறை. பின்னால் ஒரு பசு. "வணக்கம் மதாம்! செத்த இருங்க, இவ கன்னு போடப் போறா" என்றார். மதாம் "ஓ லா லா!" என்று நாற்காலியோடு பின்னால் போனாள். திரையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

நான் போனைக் காட்டி, "தர்ப்பாரண்யம். வெத்தெரினேர்" என்றேன். என் நெஞ்சைத் தொட்டு, "தர்ப்பாரண்யம். வெஜெத்தாரியான்" என்றேன்.

அந்த அறையே அதிரும்படி சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டு அண்ணனைக் காட்டினாள். வேறு வேறு சொந்தக்காரர்களுக்கு ஒரே பெயர் எதற்கு என்று கேட்டாள். தாத்தா மேல் இருக்கும் மரியாதை என்று மங்கை பிரெஞ்சில் சொன்னாள். பிறகு மதாம் ஒரு தாளில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் என்ன?" என்று கேட்டாள்.

"சமையற்காரன்" என்றேன். அதையே எழுதினாள்.

இன்று எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் முதல் வாரம் முடிகிறது. இங்கே அரசாங்க வேலையில் நெற்றியில் மதச் சின்னம் கூடாது. காலையில் பூசிய விபூதியை வாசலில் துடைத்துவிட்டு, வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொள்கிறேன். சட்டத்தைக் குறை சொல்லவில்லை, சாமி நெற்றிக்கு உள்ளேயும் இருக்கிறார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு சற்று ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வீடியோவில் வந்தார். கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு அர்ச்சன பண்ணிட்டேண்டா. குருக்கள் பேரு கேட்டாரு. தர்ப்பாரண்யம், உத்திரம்னேன். அடுத்ததுன்னாரு. தர்ப்பாரண்யம், பூசம்னேன். 'ஒரு ஆளுக்கு ரெண்டு நட்சத்திரமா டாக்டர்?'ங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ள இருக்கறவரையும் சேத்தா மூணு தர்ப்பாரண்யம் சாமி, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, யாரு யாருன்னு அவருக்குத் தெரியும்னேன்." பிறகு முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். "உன் பங்கு விபூதிய அங்க எப்புடி அனுப்பறது? நானே பூசிக்கிட்டேன், பாரு."

நெற்றி முழுக்க, இரண்டு ஆளுக்கான விபூதி. நான் தொப்பியைத் தூக்கி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பு வேர்வை மட்டும் இருந்தது. திருநள்ளாற்றில் அதே நெற்றி வெள்ளை வெளேரென்று இருந்தது.