சூரியநெல்லிக்குக் கொண்டுபோன வளையல்

சூரியநெல்லிக்கு எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் முதன்முதலில் போனது எழுபதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம். ஊர் சுற்ற அல்ல. "சரசு மண்ணு திங்கறாளாம்" என்று என் தங்கை சரசு வேலை பார்த்த சூரியநெல்லித் தேயிலை எஸ்டேட்டிலிருந்து சேதி வந்திருந்தது. எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கம், கல்யாணமானவள் மண் தின்றால் மசக்கைதான்; வேறு யோசனையே ஓடாது. நாலு வருஷமாகப் பிள்ளையில்லாதவள் ஆயிற்றே! அம்மா அழுதே விட்டாள். கட்டுச்சோறும் கண்ணாடி வளையலும் கொடுத்து என்னை அனுப்பினாள்.

விடிகாலை பஸ்ஸில் பொள்ளாச்சி, பிறகு உடுமலை, அங்கிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. உடுமலையிலிருந்து மூணாறு வரை தொண்ணூறு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அத்தனை வளைவும் என் வயிற்றுக்குள் நடந்தது. மூணாற்றிலிருந்து ஜீப், ஆளுக்கு இரண்டு ரூபாய். டிரைவர் என் மடியில் இருந்த வளையலைப் பார்த்தார்.

"தங்கச்சிக்கா, அக்கா? அப்ப மெதுவா ஓட்டுதேன்."

சொன்னதோடு சரி, பறந்தார் மனிதர்.

சரசுவைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. முகம் வெளுத்து உப்பியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் சுவர் மூலையைச் சுரண்டித் தின்றிருந்தாள்.

"ஏனுங் மாப்ள, இவளுக்குச் சோறு போடறீங்களா இல்லீங்களா?" என்று அவள் வீட்டுக்காரரைக் கேட்டே விட்டேன்.

"என்ன தின்னாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதுங்க" என்று பாவமாக விழித்தார்.

"நாலடி ஏறுனா மூச்சு வாங்குதுக்கா. மசக்கைன்னா இப்பிடித்தான் இருக்குமா?" என்றாள் சரசு. மூன்று பெற்றவள் நான். மசக்கையில் எனக்கு இப்படி வந்ததேயில்லை.

மறுநாள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா திருநெல்வேலிக்காரர். சரசுவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், மலத்தைச் சோதித்தார்.

"வயித்துல பிள்ளையில்லம்மா, கொக்கிப்புழு. செடி மறைவுல ஆளுக ஒதுங்குற ஈர மண்ணுல வெறுங்காலோட கொழுந்து எடுக்காள்லா, பாதம் வழியா ஏறியிருக்கு. ரத்தத்த உறிஞ்சிட்டுது. ரத்தம் கொறஞ்சா மண்ணு திங்கத் தோணும். இன்னும் விட்டிருந்தா உசுருக்கே ஆபத்து."

வெளியே வந்ததும் சரசு, முந்தின நாள் நான் கொடுத்த வளையல் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். "அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவக்கா?" அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

"உசுரோட இருக்கறாள்னு சொல்லுவேன், போ!" என்று அந்த வளையல்களை அவளுக்கே போட்டுவிட்டேன். மெலிந்த கையில் முழங்கை வரை ஓடின. "இது கையில நிக்கற வரைக்கும் மாத்திரைய நிறுத்தக் கூடாது, ஆமா."

குடற்புழு மருந்தைக் குடித்துவிட்டு, இரும்புச் சத்து மாத்திரையை மாதக்கணக்கில் தின்றாள். சரிவில் செருப்பு வழுக்குகிறது என்று அங்கே யாரும் போடுவதில்லை. மாப்பிள்ளை அவளுக்குக் கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார். நீங்களும் தேயிலைக்காட்டில் வெறுங்காலோடு இறங்கிப் படம் எடுக்காதீர்கள். புல் மெத்தென்றுதான் இருக்கும், இருந்தாலும் வேண்டாம். ஆவணியில் போனால் கம்பளியும் குடையும் கட்டாயம்.

அடுத்த பொங்கலுக்குச் சரசு ஊருக்கு வந்தாள். கை கழுவப் போனவள் கிணற்றடியிலிருந்து கத்தினாள்: "அக்கா, வளையலு கழல மாட்டேங்குது!"

அம்மா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு வீட்டிலிருந்த வெல்லத்தை எல்லாம் உடைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "எம்புள்ள மண்ணு திங்கறதில்லீங்க" என்றாள்.