செல்லத்தாய் கொடுத்துவிட்ட தண்ணீர் சாம்பிள்

1. பிரமாதமான ரிப்போர்ட்

அந்த லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்தில் போர்வெல் தண்ணீர் அவ்வளவு நன்றாக இருக்காது என்பது இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வந்த ஆள் நல்ல மனிதராக இருந்தால் நமக்கும் கொஞ்சம் கண்ணை மறைத்துவிடுகிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆலை காகிதத்தில் இருக்கும்போதே, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், நீராவி எவ்வளவு வேண்டும், கரண்ட் லோடு என்ன, கழிவுநீர் எங்கே போகும் என்று திட்டம் போடுவது. யூட்டிலிட்டி பிளானிங் என்பார்கள். மெயின் மிஷினுக்குத்தான் மாப்பிள்ளை மரியாதை. நாங்கள் பந்தி பரிமாறுகிறவர்கள். சாப்பாட்டில் குறை வந்தால்தான் எங்களைத் தேடுவார்கள். சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் இருந்து ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்த பிறகும் சின்னச் சின்ன வேலைகள் வந்தன. அப்படி வந்தவர்தான் சண்முகவேல்.

வளைகுடா நாட்டில் பல வருஷம் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவர். மேலநீலிதநல்லூர் போகிற வழியில் அவருக்கு மல்லிகைத் தோட்டம் உண்டு. முகூர்த்த நாளில் பூ மார்க்கெட்டில் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு எடுப்பார்கள். மறுநாள் அதே பூவைக் கேட்க நாதி இருக்காது. அப்படி மிஞ்சும் பூவை வாங்கி வாசனைச் சத்து பிரித்தெடுக்கும் ஒரு சிறிய ஆலை போட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கென்று தனியாக நிலம் வாங்கி, புதிதாக போரும் போட்டிருந்தார்.

"மேடம், இது மட்டும் நின்னுட்டுன்னா நான் திரும்ப பிளேன் ஏற மாட்டேன். எம் பொம்பளப் பிள்ள என்னைய போன்லயே அப்பான்னு கூப்பிட்டுப் பழகிட்டு. அது போதும்" என்றார்.

போர் தண்ணீரில் ஒரு கேன் பிடித்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். லேபில் கொடுத்தேன். உப்பு குறைவு, கடினத்தன்மை குறைவு, பாய்லருக்கு ஏற்ற தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்தது. மிச்சக் கடினத்தன்மையை எடுக்கச் சின்ன சாஃப்ட்னர் ஒன்று போதும் என்று முடிவு செய்து பாய்லர், கூலிங் டவர், பைப் லைன் எல்லாம் வரைந்து லேஅவுட் கொடுத்தேன். அவர் அதைக் கலரில் பிரின்ட் எடுத்து, சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை. நானும் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

2. நுரைக்காத சோப்பு

பூமி பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தலிலேயே சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுப் புது போர் குழாயில் கை கழுவப் போனேன். சோப்பைத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், நுரை வரவில்லை. கையில் வெள்ளையாகத் திரிதிரியாக ஒட்டியது. ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தேன். உப்பு.

பக்கத்தில் சண்முகவேலின் மனைவி செல்லத்தாய் துண்டோடு நின்றாள்.

"ஏம்மா, லேபுக்குக் குடுத்து விட்டது இந்தத் தண்ணிதானா?" என்று கேட்டேன்.

"இதையா? நல்லா இருக்கே!" என்று சிரித்தாள். "அவுக பேங்க்குக்குப் போயிருந்தாக. கேன்ல தண்ணி பிடிச்சு மேடத்துக்குக் குடுத்து விடுன்னு போன்ல சொன்னாக. வெளி ஆளுக்குப் போற தண்ணி, உப்புத் தண்ணியவா குடுப்பாக? பஞ்சாயத்துக் குழாயில ஆத்துத் தண்ணி வந்த அன்னைக்கு, கேன நல்லாக் கழுவிப் புடிச்சு வச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு தேடி வருகிறவருக்கு நல்ல தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவள்.

சண்முகவேலைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "நீங்க இந்தத் தண்ணிய வாயில விட்டுப் பாக்கலையா?"

"பாத்தேன் மேடம். கரிக்கத்தான் செஞ்சுது. காயிதத்துல நல்ல தண்ணின்னு வந்ததும், நம்ம நாக்குதான் சரியில்லன்னு நெனச்சுட்டேன்."

மோட்டாரை நன்றாக ஓடவிட்டு, நானே கேனில் பிடித்து லேபுக்குக் கொண்டுபோனேன். ரிப்போர்ட் வந்தது. பாய்லர் டியூபில் சுண்ணாம்புப் படிவு கட்டி, ஆலையைக் கொஞ்ச நாளிலேயே படுக்க வைத்துவிடும் தண்ணீர். பாய்லரோடு வாழ்ந்த மனிதருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி மேடம்" என்றார்.

3. கழிவு போக வழி

விட்டுவிட எனக்கு மனசில்லை. ஆர்.ஓ. போட்டு உப்பை எடுக்கலாம். ஆனால் எடுத்த உப்பு, கழிவுநீரோடு வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அதை எங்கே விடுவது? நிலத்தைச் சுற்றி மூன்று பக்கமும் அடுத்தவர் மல்லிகை. ஆவியாக்கிக் காய வைக்க இன்னொரு பிளான்ட் வேண்டும். லாரித் தண்ணீர் கட்டுபடியாகாது. திரும்பத் திரும்ப வரைந்தேன். ஒவ்வொரு முறையும் மெயின் மிஷினைவிட யூட்டிலிட்டி பெரிதாகிக்கொண்டே போனது. பேங்க்கில் கையை விரித்துவிட்டார்கள். சண்முகவேல் மறுபடியும் பிளேன் ஏறினார்.

சில மாதம் கழித்து செல்லத்தாயை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மார்க்கெட்டில் பூ போட்டுவிட்டு வெறுங்கூடையோடு நின்றாள். என்னைக் கண்டதும் அவளே வந்தாள்.

"அவருக்கு இப்ப என்ன வேலைம்மா?" என்றேன்.

"கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துத ஆலையாம்க்கா." கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "அங்கன கடலையே மாத்துதாக. இங்கன ஒரு போர் தண்ணிய மாத்த முடியலியா?"

"மாத்தலாம்மா. மிஞ்சுத உப்ப அங்கன கடல்லயே விட்டுருவாங்க. இங்கன விட்டா பக்கத்துத் தோட்டம் கருகிரும்."

தலையாட்டினாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் அந்தத் தண்ணியக் குடுக்காம இருந்திருந்தா அவுக போயிருக்க மாட்டாக, என்னக்கா?"

"நீ எதக் குடுத்திருந்தாலும் நிலத்துல இருக்குறது அதே தண்ணிதாம்மா" என்றேன். அது உண்மை. ஆனால் அவள் நம்பவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தண்ணீரை நீங்களே போய்ப் பிடியுங்கள், நீங்களே வாயில் விட்டுப் பாருங்கள், பிறகு வரையுங்கள். நாம் ஒரு லேஅவுட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை வரைந்துவிடலாம். செல்லத்தாய் வீட்டுச் சுவரில் அந்தச் சட்டம் போட்ட லேஅவுட் இன்னும் மாட்டியபடியே இருக்கிறதாம். கழற்ற வேண்டாம், அப்பா வந்து பார்க்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாளாம்.